எண்ணெய் பட்ட ஆப்புகள்

அந்த மாமரம் தவறான பக்கம் போனதற்கு நான்தான் காரணமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சில நாள் காலையில் எழும்போது நான்தான் என்று உறுதியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு பீரியட் எடுத்து முடிப்பதற்குள் அந்த உறுதி கலைந்துவிடுகிறது. நினைவில் இருக்கும்வரை, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

என் மகளுக்கு இருபத்துநான்கு வயது. வனவியல் படித்தாள். படிப்பு முடிந்ததும் பி.எஸ்.சி. பரீட்சை எழுதி ஏதாவது ஓர் அரசு ஆபீசில் உட்காருவாள் என்று நானும் மனைவியும் நினைத்திருந்தோம். அவள் போய்ச் சேர்ந்தது மரம் வெட்டும் குழுவில். திருவனந்தபுரத்தில் மழைக்காலம் நெருங்கினால், வீட்டு வளாகத்தில் நிற்கும் பலாவும் மாவும் கூரைமேல் சாயுமோ என்று எல்லோருக்கும் பயம் வந்துவிடும். அப்படிப்பட்ட மரங்களைச் சுவருக்கும் மின்கம்பிக்கும் சேதமில்லாமல் இறக்கிக்கொடுப்பது அவர்கள் தொழில். குழுவில் நான்கு பேர். நடத்துபவர் மலையாளி, எல்லோரும் அவரைச் சேட்டன் என்பார்கள். பெட்ரோலில் ஓடும் மெஷின் வாளை அவர்தான் பிடிப்பார். கயிறு கட்ட ஒருவர். ஆப்பு அடிப்பதற்குப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு தமிழர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மகள் அவரை அண்ணன் என்பாள். நான்காவது ஆள் என் மகள். மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்று, அது எந்தப் பக்கம் அசைகிறது என்று குரல் கொடுப்பது அவள் வேலை. ஆப்புகளும் அவள் பொறுப்பு.

நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். ஆப்பு என்பது இரண்டு சாய்தளங்களை முதுகோடு முதுகு ஒட்டியது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவன். உண்மையான மரத்தில் அது என்ன செய்கிறது என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய் பிளந்ததுபோல் ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வாள் உள்ளே போகும். நடுவில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் போல அதுதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்வெட்டில் வாளுக்குப் பின்னால் ஆப்பைச் செருகி அடித்தால், மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கப்பட்டு முன்பக்கம் சாயும். ஆப்பு இல்லாவிட்டால் மரம் பின்னால் உட்கார்ந்து வாளைக் கவ்விவிடும். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை மரம்தான் முடிவு செய்யும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாலைக் கடைத்தெருவுக்கு ஆப்பு வாங்க என்னையும் அழைத்துப் போனாள். கடைக்காரர் பிளாஸ்டிக் ஆப்புகளை மேசைமேல் கொட்டினார். இரும்பு ஆப்பு விறகு பிளக்கத்தான் ஆகும். மரத்தடியில் வாளின் பல் அதில் பட்டால் பல் போய்விடும். நான் இருப்பதிலேயே மெலிந்த ஒன்றை எடுத்து நீட்டினேன். சரிவு குறையக் குறைய விசை குறைவாகப் போதும் என்பது பாடம்.

"மெலிசுன்னா உள்ள சுகமா போகும், பட்சே மரத்தத் தூக்காதுப்பா," என்றாள்.

"அப்போ தடிச்சத எடு மக்ளே."

"தடிச்சது தூக்கும். ஆனா அடிக்கிற ஆள் மேலயே திரும்பத் துப்பும்."

கடைக்காரர் சிரித்தார். "சாருக்குக் கணக்கு, மோளுக்கு மரம். ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு தீருமானத்துக்கு வாங்கோ."

அவள் இடைப்பட்ட சரிவில் நான்கு எடுத்தாள். ஒவ்வொன்றையும் புரட்டி, முகத்தில் வரிவரியாக மேடு இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். வழவழப்பாக இருந்த ஒன்றைத் திருப்பிக்கொடுத்து வேறு கேட்டாள். மிக நீளமானவற்றையும் ஒதுக்கினாள். சின்ன மரத்தில் அவை உள்ளே போய் வாளிலேயே முட்டிக்கொள்ளுமாம். இவை போக, போனக்காட்டு அண்ணன் செய்துகொடுத்த மர ஆப்புகள் மூன்று அவளிடம் உண்டு. பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் செதுக்கியவை. உள்ளங்கை நீளம், கல்லைப்போல் கனம்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆப்பை அடிக்கிறவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. பார்த்து வைப்பவர் இன்னொருவர். காலையில் அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துத்தான் அடிக்கிறவர் கையில் கொடுக்கவேண்டும். இரண்டு ஜோடிக் கண் பார்க்காத ஆப்பு மரத்துக்குள் போகாது. அதனால் ஆப்புப் பை தினமும் என் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் குளித்துவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து அரத்தால் ராவுவாள். அடிபட்டு அடிபட்டுத் தலைப்பக்கம் காளான்போல் விரிந்திருக்கும். அதைச் சீவாமல் விட்டால் அடுத்த அடியில் சில்லு தெறிக்கும் என்பாள். வாள் பட்டு நுனி கிழிந்ததைச் சரிபார்ப்பாள். மர ஆப்புகளை ஈரம் துடைத்துச் சாக்கில் சுற்றி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைப்பாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். உதவி செய்யட்டுமா என்று கேட்டால், "மதி, போதும்ப்பா, நீங்க பேப்பர் திருத்துங்க" என்பாள்.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அவள் கிளம்பினால் மத்தியானம்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிடிக்காத வேலைக்கு நானே ஏன் உதவி செய்ய அலைந்தேன்?

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வெட்டியது பெரிய பலாமரம். மகள் வந்ததும் பையை வாசலில் போட்டுவிட்டுக் குளித்தாள். சாப்பாட்டுக்குக்கூடக் காத்திராமல் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். நான் பையைத் திறந்து பார்த்தேன். ஆப்புகள் எல்லாம் பலாப்பால் பிடித்து, மரத்தூள் ஒட்டி, ஒன்றோடொன்று அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பலாப்பாலுக்கு என்ன செய்யவேண்டும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலாச்சக்கை வெட்ட உட்காரும்போதே கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறோம். முடிந்ததும் எண்ணெய் தொட்டே துடைக்கிறோம். நானும் கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு, பழைய துணியால் ஏழு ஆப்புகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பால் கையோடு வந்தது. வரிகளுக்குள் இருந்ததை ஈர்க்குச்சியால் எடுத்தேன். தேயிலைக்கட்டை ஆப்புகள் எண்ணெயைக் குடித்துக் கறுத்துப் பளபளத்தன. அவை அழகாக இருந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கேட்டியளா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாமுல்லா?" என்றாள்.

"தூங்குத புள்ளைய எழுப்பிக் கேக்கணுமா? பலாப்பாலுக்கு எண்ணெயில்லாம வேற என்ன?"

மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

காற்றுப் படட்டும் என்று ஆப்புகளை உள்ளறை ஜன்னலில் அடுக்கி வைத்தேன். அதுதான் அடுத்த தவறு. சனிக்கிழமை காலையில் மகள் வழக்கமான இடத்தில் இருந்த ஆப்பில்லாத பையை, உள்ளே மற்ற சாமான் இருந்த கனத்தில் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டரை மணிக்குப் போன். "அப்பா, ஆப்பு எல்லாம் எங்க? இங்க எல்லாரும் எனக்காக நிக்காங்க." கரமனைப் பக்கத்தில் ஒரு வீட்டு மாமரம். எனக்கு விடுமுறை நாள். ஆப்புகளைத் துணியில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். ஏதோ பெரிய உதவி செய்கிற நிறைவோடு போனேன்.

நான் போனபோது வெட்டு பாதிக்குமேல் ஆகியிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் சேட்டன் காத்திருக்காமல் தொடங்கிவிட்டார். மகள் என்னிடமிருந்து மூட்டையை வாங்கி, பிரித்துப் பார்க்காமலே அண்ணனிடம் நீட்டிவிட்டு, தன் இடத்துக்கு ஓடினாள். தடவிப் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் அன்று நடக்கவில்லை. அவர் ஒன்றைச் செருகிக் கோடாலியின் பின்புறத்தால் இரண்டு அடி அடித்தார். உள்ளே போனது. இரண்டாவதை எடுத்தவர், குனிந்து அதைத் தரையில் தேய்த்துவிட்டுச் செருகினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மூன்றாவதை அடித்தபோது அது வெளியே துள்ளியது. கூடவே முதலாவதும் வந்தது.

மரம் பின்னால் உட்கார்ந்தது. வாள் நின்றுபோன சத்தமின்மைதான் எனக்கு முதலில் கேட்டது. சேட்டன் கைப்பிடியை விட்டுவிட்டு விலகி ஓடினார். மரம் சுவர் இருந்த பக்கமும் போகாமல், விழவேண்டிய காலியிடத்துக்கும் போகாமல், மெதுவாகத் திரும்பி என் மகள் நின்ற பக்கம் வந்தது. அவள் ஓடினாள், சறுக்கி விழுந்தாள், உருண்டாள். கிளை நுனி அவள் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுத் தரையில் இறங்கியது. இவ்வளவும் எத்தனை நொடியில் நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். எழுந்து நின்று, "சாரமில்ல, ஒண்ணுமில்ல" என்று எல்லோரிடமும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அவளிடம் ஓடவில்லை. இது எனக்கே புரியாத விஷயம். துள்ளி வந்த ஆப்பு என் காலடியில் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தேன். விரலில் வழுக்கியது. தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அதை என் வேட்டியில் அழுத்தித் துடைத்தேன். மறைக்கவேண்டும் என்று துடைத்தேனா, கையில் பிசுபிசுத்தால் எதையும் துடைக்கிற பழக்கத்தில் துடைத்தேனா? அதற்குப் பிறகுதான் மகளிடம் போனேன்.

சேட்டன் போனக்காட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "எங்கோட்டு நோக்கியா அண்ணா அடிச்சது? ஆப்ப நேரே அடிக்காம சரிச்சு அடிச்சா துள்ளாதோ? இத்தன வருஷமா இந்தப் பணி செய்யுத ஆளுதானே?"

போனக்காட்டுக்காரர் என் மகளைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த ஆப்புகளைப் பார்த்தார்.

"ஒரு பெண்குட்டி சாகப் போனா. திங்களாழ்ச்ச முதல் அண்ணன் வரவேண்டா. எனக்குப் பயமா இருக்கு," என்றார் சேட்டன்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஆறடி தூரத்தில் நின்றேன். மகளின் முழங்கையில் என் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு சரியாக விழவில்லை என்று மறுபடி அவிழ்த்துக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். மனைவி அழுது ஓய்ந்தபின், "இந்த வேலை இனி வேண்டாம் மக்ளே" என்றாள். மகள் மறுக்கவில்லை. யோசிக்கிறேன் என்றாள். அவள் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. நான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தானாகவே கிடைக்கப்போகிறது என்று ஒரு கணம் மனம் துள்ளியது. அடுத்த கணம் அந்தத் துள்ளலை நினைத்துக் கூசியது.

"அந்த அண்ணன் சரிச்சு அடிக்கிற ஆள் இல்லப்பா," என்றாள். "அதான் எனக்கு ஓடல. நேத்து ஆப்பெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

"ஜன்னல்ல. காத்துப் படட்டும்னு."

பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது அதை அல்ல.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. பிறகு சமையலறையில் வைத்து, "எண்ணெயினாலயா இருக்கும்?" என்று மெல்லக் கேட்டாள். "மழை பெய்து மரமே ஈரமா இருந்தது. எப்படிச் சொல்ல முடியும்?" என்றேன். எனக்கு அது உண்மையாகவே சந்தேகம்தான். உராய்வுதான் ஆப்பை உள்ளே பிடித்து நிறுத்துகிறது என்பதும், எண்ணெய் உராய்வைக் குறைக்கும் என்பதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது என் வாயில் இருக்கிறது. கிண்ணத்தில் எண்ணெய் எடுத்தபோது அது எங்கே போயிருந்தது?

திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்தேன். வேட்டியில் துடைத்த அந்த ஆப்பை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்திருந்தேன். சாய்தளப் பலகையில் வைத்து மெல்ல உயர்த்தினேன். எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று குறித்தேன். எண்ணெய் தடவி மறுபடி. சீக்கிரமே வழுக்கியது. துணியால் துடைத்து மறுபடி. இப்போது ஏறக்குறையப் பழைய கோணம். நான் வெள்ளிக்கிழமை எவ்வளவு துடைத்தேன்? முழுக்கவா, பாதியா? தேயிலைக்கட்டைகள் குடித்த எண்ணெய் அடி விழும்போது கசிந்து வெளியே வருமா? ஆய்வகப் பலகைக்கும் பச்சை மாமரத்துக்கும் என்ன சம்பந்தம்? மணி அடித்தபோது என் தாளில் பதினொரு எண்கள் இருந்தன. அவற்றிலிருந்து எதுவும் பெறப்படவில்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று. நான் தேடிக்கொண்டிருந்தது உண்மையை அல்ல, எண்ணெய் காரணமில்லை என்று சொல்லும் ஒரு கோணத்தை. அங்கே ஒரு மனிதர் சனிக்கிழமையிலிருந்து வேலையில்லாமல் இருக்கிறார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். விதுரையில் இறங்கி, போனக்காட்டு வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் நின்றேன். என்ன சொல்லவேண்டும் என்று மூன்று விதமாக யோசித்து வைத்தேன். மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் மூன்றும் கலந்துவிட்டன. இறங்கி விசாரித்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். கடைசி லயத்தில் அவர் சட்டைகளைத் துவைத்து வேலியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"சார், பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"அப்பாடா. உக்காருங்க சார். வாந்தி எடுத்தீங்களா?"

"இல்லயே."

"அப்ப நீங்க பரவால்ல. என் மச்சான் விதுரையில ஏறும்போதே ஒரு பை வாங்கிட்டுத்தான் ஏறுவான்."

அவர் மனைவி பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "அந்த ஆப்புகள்ல எண்ணெய் இருந்தது."

"தெரியும் சார்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மொத ஆப்ப அவசரத்துல செருகிட்டேன். ரெண்டாவத எடுக்கும்போதே வாசம் வந்துது, தலைக்குத் தேச்ச மாதிரி. மண்ணுல பொரட்டி அடிச்சேன். மூணாவதப் பொரட்ட நேரமில்ல, மரம் மொனங்க ஆரம்பிச்சிருச்சு."

"அப்போ சேட்டன்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் ஈரச் சட்டை ஒன்றை உதறினார். "பாப்பாதான் தொடச்சிருக்கும்னு நெனச்சேன். ஆப்புக்குப் பொறுப்பு அதுதானே. சொன்னா அத நிறுத்திருவாரு. எனக்கு வேற எடத்துலயும் மரம் கெடைக்கும் சார். ஒரு பொம்பளப் புள்ளைய மரத்தடிக்கு விடுற ஆளு வேற யாரு இருக்கா?"

"அவ இல்ல," என்றேன். "நான்தான். அவ தூங்கினதுக்கு அப்புறம் நான்தான் துடைச்சேன். பலாப்பால் போகட்டும்னு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சாரா? நீங்க பிசிக்ஸ் வாத்தியாருன்னுல்ல பாப்பா பீத்திக்கிட்டு இருந்துச்சு."

நானும் சிரிக்க முயன்றேன். ஆனால் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த சட்டையை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"அன்னைக்கு அவரு என்னைய ஏசும்போது நீங்க அங்கதானே சார் நின்னீங்க."

"நின்னேன்."

"ஆப்ப எடுத்து வேட்டியில தொடச்சீங்க. பாத்தேன். மண்ணத் தொடைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கடைசியில் நான் கேட்டது இதைத்தான்: "எண்ணெயினாலதான் அப்படி ஆச்சா?"

"எனக்கெப்படித் தெரியும் சார்? அந்த மரம் உள்ள ஒரு பக்கம் இத்துப்போயிருந்துச்சு, விழுந்தப்புறம் பாத்தேன். எண்ணெ இல்லாட்டியும் வந்திருக்கலாம். வராமயும் போயிருக்கலாம்." சற்று நிறுத்தினார். "சேட்டன்கிட்ட சொல்லுறதுன்னா சொல்லுங்க. ஆனா மொதல்ல பாப்பாகிட்ட சொல்லுங்க. எனக்கு ஆப்பு எடுத்துக் குடுக்குறது அதுதான். அதுக்குத் தெரியாம நீங்களும் அவரும் பேசி முடிக்கக்கூடாது."

திரும்பும் பஸ் புறப்படப்போகிறது என்று கீழிருந்து யாரோ சொன்னார்கள். ஓடிப்போய் ஏறினேன்.

மகளிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். மனைவியும் இருந்தாள். பலாப்பால், எண்ணெய், ஜன்னல், வேட்டி, போனக்காடு, எதையும் விடவில்லை. ஆய்வகத்துத் தாளைப்பற்றிக்கூடச் சொன்னேன். மகள் குறுக்கிடவில்லை. முடித்ததும், "யாருப்பா தொடச் சொன்னா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஒரு வருஷமா அந்தப் பை என் கையில இருக்கு. ஒருநாள்கூட பாக்காம குடுத்ததில்ல. அன்னைக்கு மட்டும் பாக்கல. நீங்க கொண்டுவந்ததுனால பாக்கல."

"நான் கொண்டுவந்ததுனாலயா?"

"அப்பா கையில இருந்து வர்றத யாராவது சோதிப்பாங்களா?"

அவள் அங்கேயே சேட்டனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பேசுகிறேன் என்று கை நீட்டினேன், தலையசைத்து மறுத்துவிட்டாள். தன் வீட்டில் அப்பா துடைத்ததில் ஆப்புக்கு எண்ணெய் பட்டது என்றும், தான் பார்க்காமல் கொடுத்தது தன் தப்பு என்றும், அண்ணன் அடித்ததில் குற்றமில்லை என்றும் மலையாளத்தில் வரிசையாகச் சொன்னாள்.

"அது செரி," என்றார் சேட்டன். "சார் ஆப்ப எண்ண தேய்ச்சுக் குளிப்பிச்சோ? பவுடரும் இட்டோ?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அண்ணன ஞான் விளிச்சுச் சொல்லுதேன். நாள கழிஞ்ஞு வெள்ளிக்கிழம வரட்டே. மோளே, நீயும் வா. பக்ஷே பை இனி உன் வீட்டுக்குப் போகவேண்டா. ஆப்பு கொறச்சு நாளு நீ தொடவேண்டா. கயறு கட்டுற ஆளு நோக்கட்டே."

"செரி," என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு அவள் ஆப்புப் பையை எடுத்து வாசலில் வைத்தாள். அவள் வேலையை விடப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்த வேலையில் அவள் சம்பாதித்திருந்த ஒரே மதிப்பை நான் பறித்துவிட்டேன் என்பதும் புரிந்தது. எதற்கு வருந்துகிறேன், எதற்கு நிம்மதிப்படுகிறேன் என்று பிரிக்க முடியவில்லை.

படுக்கப்போகும்முன் வந்து கதவருகில் நின்றாள். "அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?"

கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். லயத்தில் நடந்த பேச்சை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். எண்ணெய் இருந்தது என்றேன். நான்தான் துடைத்தேன் என்றேன். நின்றேன் என்றேன். எண்ணெயினால்தானா என்று கேட்டேன். சாயாவைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவ்வளவு தூரம் போய் எனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

"இல்ல," என்றேன்.

அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழுவின் வண்டி எங்கள் தெருமுனைக்கு வந்தது. மகளுக்குப் பின்னாலேயே நானும் போனேன். சேட்டன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். பின்னால் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் போனக்காட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிக்கணும்" என்றேன்.

"என்ன சார்?" என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை.

சேட்டன் எஞ்சினை அணைத்தார். தெருவில் பால் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஒரு காலை வண்டியில் வைத்தபடி நின்றாள். நான் மறுபடி சொன்னேன், இந்தமுறை முழுசாக. "நான் செய்ததுக்கு நீங்க ஏச்சு வாங்கினீங்க. தெரிஞ்சும் பேசாம நின்னேன். என்னை மன்னிக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருளைக் காலால் தள்ளி என் மகள் உட்கார இடம் செய்தார். "ஏறு பாப்பா, நேரமாச்சு" என்றார். அவள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.